முப்பது ஆண்டு விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. மூன்று நாள் அன்று, முப்பது ஆண்டுகள் தங்கிவிட்ட விருந்தாளியை என்னவென்று அழைப்பது? அவர் இன்னும் விருந்தாளிதானா, அல்லது வீட்டாரில் ஒருவரா?

இக்கேள்விக்கு விடை தேடுவதற்கு மிகவும் ஏற்ற நாடு தாய்லாந்து. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சென்ற வெள்ளையர் பல்லாயிரவர் அங்கே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கின்றனர். பாங்காக் நகரில் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் சிலர். சியாங் மாய், ஹுவா ஹின் போன்ற ஊர்களில் ஓய்வு பெற்ற முதியவர்களாகச் சிலர். உடோன் தானி முதலிய வடகிழக்கு மாநிலங்களில் அவ்வூர்ப் பெண்களை மணந்து மருமகன்களாக வாழ்வோர் சிலர். பணத்தால் எதையும் வாங்கலாம் என்ற எண்ணத்தோடு செல்வோரும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்த மண்ணிலேயே வாழ்ந்து அங்கேயே கண்மூட விரும்புவோரைப் பற்றித்தான் பேச்சு.

இவர்களிற் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் ஊரார் தங்களை அந்நியராகவே காண்கின்றனர் என்பதே அக்குறை. அதில் பாதி நியாயமானது. தாய்லாந்து அரசு செவிசாய்க்க வேண்டியது. மறுபாதியோ குறை கூறுவோர் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டியது. இதுவே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது?

தாய்லாந்து மக்கள் வெள்ளையரை ‘ஃபரங்’ என்று அழைக்கின்றனர். இச்சொல் நமக்கும் புதிதன்று. ‘பிராங்க்’ என்னும் ஐரோப்பிய இனத்தாரின் பெயர் பாரசீக மொழி வழியாகக் கீழ்த்திசை நாடுகளில் பரவியது. நம்மிடையே அது ‘பரங்கி’ ஆயிற்று. புனித தோமையார் மலை பரங்கிமலை ஆனதும், கடல் கடந்து வந்த காய் பரங்கிக்காய் ஆனதும் இச்சொல்லால்தான். தாய்லாந்தில் கொய்யாப் பழத்துக்கும் ‘ஃபரங்’ என்றே பெயர்! வெளியிலிருந்து வந்த மரம் அந்த மண்ணில் வேர்விட்டது. இன்று அதன் பழம் தெருவெங்கும் மிளகாய் கலந்த உப்போடு விற்கப்படுகிறது. பெயர் அந்நியப் பெயர்; சுவை உள்ளூர்ச் சுவை.

தெருவில் போகும்போது சிறு பிள்ளைகள் ‘ஃபரங்’ என்று கூவினால் சில வெள்ளையர் முகம் சுளிக்கின்றனர். அச்சொல் பெரும்பாலும் வசைச்சொல் அன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளைக்காரரைக் கண்டதும் கூவுவதில்லையா? அதுபோன்றதே. பெயர் தூரத்தைக் காட்டுவது உண்மையே. ஆனால் அந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியரின் ஆட்சிக்கு உட்படாத நாடு தாய்லாந்து ஒன்றே. 1939 வரை அதன் பெயர் சயாம். அடிமைப்படவில்லையே தவிர, அச்சம் இல்லாமல் இருந்ததில்லை. 1855-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, சயாம் மண்ணிலே குற்றம் செய்த பிரிட்டிஷ் குடிகளைச் சயாம் நீதிமன்றம் விசாரிக்க முடியாமற் போயிற்று. 1893-இல் பிரெஞ்சுப் போர்ப்படகுகள் சாவ் பிரயா ஆற்றில் ஏறிவந்து மிரட்ட, மேகாங் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலப்பரப்பைச் சயாம் இழந்தது. விருந்தாளி என்று வந்தவர் வீட்டையே எழுதிக் கேட்ட அனுபவம் அந்த மக்களுக்கு உண்டு. அவர்கள் புன்னகையோடு வரவேற்று, உள்ளறைச் சாவியை மட்டும் கையிலேயே வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டம் போட்ட கோடு

அந்தச் சாவிதான் சட்டம். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்குவதற்குப் பொதுவாக இடமில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கலாம்; ஆனால் ஒரு கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் அந்நியர் கைக்குப் போகக் கூடாது. ஓய்வு பெற்றவராகத் தங்க விரும்புவோர்க்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் இருப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அது போக, 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ, ஒரு நாட்டவர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற வரம்புக்கு உட்பட்டது.

இவ்விதிகளால் முதியவர்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். பிரிட்டனிலிருந்து வந்த ஒருவர் தாய்லாந்தில் குடியிருந்தால், அந்நாட்டு அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதில்லை. முதலில் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவிலேயே நின்றுவிடும். அரிசி விலை ஏறும், மருந்து விலை ஏறும், வருமானம் ஏறாது. தாய்நாடும் தள்ளிவைக்க, புகுந்த நாடும் பாதி வாசலில் நிறுத்தினால் அந்த முதியவர் எங்கே போவார்?

இன்னொன்றையும் பெண்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டும். அந்நியரை மணந்த தாய்லாந்துப் பெண்களும் இச்சட்டங்களால் துன்புற்றனர். அத்தகைய பெண் நிலம் வாங்கும் உரிமையை 1990-களின் இறுதிவரை இழந்திருந்தாள். அந்நிய ஆணை மணந்தவள் தன் குடியுரிமையைத் தன் பிள்ளைக்குத் தருவதிலும் தடைகள் இருந்தன. 1992-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அவை நீங்கின. ஆண் அந்நியப் பெண்ணை மணந்தால் குடும்பம் வளர்கிறது, பெண் அந்நிய ஆணை மணந்தால் குடும்பத்தை விட்டுப் போகிறாள் என்ற பழைய எண்ணமே இதற்கு வேர். அவ்வெண்ணம் தாய்லாந்துக்கு மட்டும் உரியதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

எனவே, நிலத்தைக் காக்கும் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பணம் படைத்த அந்நியர் நெல்வயல்களை வாங்கிக் குவித்தால் அந்நாட்டு உழவர் கதி என்னாகும்? ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைத் தாய்லாந்துக் குடிமக்களாக வளர்த்து, மனைவியையும் அந்த மண்ணிலேயே இழந்த ஒருவர், மனைவி பெயரில் இருந்த நிலத்தைக் குறித்த காலத்துக்குள் விற்றுவிட நேர்வது கொடுமை. வணிகம் செய்ய வந்தவர்க்கும் வாழ வந்தவர்க்கும் சட்டம் வேறுபாடு காண வேண்டும். குறையின் நியாயமான பாதி இதுவே.

நெஞ்சின் மொழி

இனி மறுபாதிக்கு வருவோம். பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் தாய்லாந்து மொழியில் நாலு வாக்கியம் பேசத் தெரியாத வெள்ளையர் பலர். அம்மொழி எளிதன்று, ஐவகை ஓசை ஏற்ற இறக்கங்கள் உண்டு. ‘மா’ என்ற ஒலியைச் சமமாகச் சொன்னால் ‘வா’ என்று பொருள். உயர்த்திச் சொன்னால் குதிரை. தாழ்வாகத் தொடங்கி மேலே ஏற்றிச் சொன்னால் நாய்! விருந்தினரை வரவேற்கப் போய் நாயை அழைத்தவர் கதையாக முடியக்கூடும். எழுத்திலோ மெய்கள் மட்டும் 44. ஆனால் கடினம் என்பதற்காக முப்பது ஆண்டுகள் ஒத்திப்போடலாமா? மனைவியே எக்காலமும் மொழிபெயர்ப்பாளர் என்றால், மாமியாரோடு மனம்விட்டுப் பேசுவது எப்போது?

மொழி தெரிந்தால் அல்லவா அந்த மக்களின் நெஞ்சம் தெரியும்! அவர்கள் நெஞ்சை ‘ஜை’ என்பர். ‘ஜை யென்’ என்றால் குளிர்ந்த நெஞ்சு, அதாவது பொறுமை. ‘நாம் ஜை’ என்றால் நெஞ்சின் நீர், அதாவது கேளாமலே உதவும் குணம். உள்ளம் குளிர்ந்தது என்றும் நெஞ்சில் ஈரம் உண்டு என்றும் நாம் சொல்வதில்லையா? ‘கிரெங் ஜை’ என்று மற்றொன்று உண்டு. பிறருக்குத் தொல்லை தரலாகாது, அவர் மனம் நோகலாகாது என்று தயங்கும் பண்பு அது. இதை அறியாத வெள்ளையர், ‘ஆம்’ என்று சிரித்துத் தலையசைத்தவர் சொன்னபடி செய்யவில்லையே, பொய்யர் என்று சினம் கொள்கிறார். எதிரே நின்றவரோ முகத்துக்கு நேரே மறுக்க மனமின்றித் தலையசைத்தவர். வெள்ளையர் குரலை உயர்த்துகிறார். அந்த மண்ணில் குரலை உயர்த்தியவருக்கே மதிப்புக் குறைகிறது.

உறவு முறையும் அவ்வாறே. அங்கே கடைக்காரரையும் வண்டியோட்டியையும் வயதுக்கேற்ப அண்ணன், அக்கா, மாமா, பாட்டி என்ற முறையிலேயே அழைப்பர். வயதிற் சிறியவரைத் தம்பி, தங்கை என்று இரண்டுக்கும் பொதுவாக ‘நோங்’ என்பர். ஆசிரியரை ‘ஆஜான்’ என்பர். நம் ‘ஆசான்’ போலவே அதுவும் ஆசாரியர் என்ற சொல்லிலிருந்து வந்ததே. இளையவர் முந்திக் கைகூப்ப வேண்டும். பிறர் தலையைத் தொடுவதும் காலை நீட்டிச் சுட்டுவதும் பெரும் பிழை. சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13-இல் தொடங்கும் சொங்கிரான் திருநாளில், பிள்ளைகள் பெரியவர்களின் கைகளில் நறுமண நீர் ஊற்றி ஆசி பெறுவர். தெருவில் நீர் இறைத்து விளையாடும் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் நடக்கும் இந்த அழகைப் பார்க்காத வெள்ளையர் எத்தனையோ பேர்.

திருமணத்திலும் இப்படித்தான். அங்கே மணமகன் பெண்ணின் பெற்றோருக்குச் ‘சின் சோட்’ என்னும் மணக்கொடை தருவது வழக்கம். வரதட்சணைக் கொடுமையை அறிந்த நம் பெற்றோர் இதைக் கேட்டு வியக்கலாம்! பெண்ணை விலைபேசுகிறார்கள் என்று சில வெள்ளையர் குமுறுகின்றனர். பெண்ணை வளர்த்தவர்க்குச் செய்யும் மரியாதையாகவே ஊரார் அதைக் கருதுகின்றனர். மனைவி மாதந்தோறும் பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும் கணவருக்கு உறுத்துகிறது. புண்ணியம், குணம் என்ற நமக்குத் தெரிந்த இரு சொற்களும் சேர்ந்து பிறந்த ஒரு சொல் அங்கே உண்டு. அதற்கு நன்றிக்கடன் என்று பொருள். பெற்றோரைக் காப்பது மகளின் கடன். வடகிழக்கிலும் வடக்கிலும் கடைசி மகளே பெற்றோருடன் இருந்து அவர்களைக் காத்து, வீட்டையும் பெறுவது பழைய வழக்கம். அந்தக் கடனை அவள் நிறைவேற்றுவதைச் செலவாக எண்ணுகிறவர் அந்தக் குடும்பத்துக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று கணக்குப் பார்க்கிறார். இதையும் சொல்ல வேண்டும்: கொடையின் பெயரால் மருமகனைக் கறக்கும் குடும்பங்களும் இல்லாமல் இல்லை. பேராசைக்கு நாடு ஏது?

வேரூன்றிய சிலர்

அந்நியர் அங்கே ஊராராக முடியாது என்பது உண்மையானால் வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும். சிலரை நினைவுகூர்வோம்.

17-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் ஃபால்கன் என்ற கிரேக்கர், அயுத்தயாவை ஆண்ட நாராய் மன்னரின் அவையில் வானளாவ உயர்ந்தார். நாட்டு மொழியும் நன்கு அறிந்தவர். ஆனால் அவர் தேடியது செல்வாக்கு. பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் வருவதற்கும் துணை நின்றார். 1688-இல் அரண்மனைப் புரட்சியில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி மரியா, அயுத்தயாவில் பிறந்து வளர்ந்த, ஜப்பானிய, போர்த்துகீசிய இரத்தம் கலந்த கத்தோலிக்கப் பெண். கணவரை இழந்து பெருந்துன்பப்பட்ட அவர் பிற்காலத்தில் அரண்மனைச் சமையற்கூடத்தில் பணிபுரிந்தார். முட்டையின் மஞ்சட்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் தங்கநிற இனிப்புகளை அந்நாட்டுக்கு அளித்தவர் அவரே என்று தாய்லாந்து மக்கள் இன்றும் சொல்கின்றனர். மங்கல நாட்களில் அந்த இனிப்புகள் இல்லாமல் இருப்பதில்லை. அமைச்சரின் அதிகாரம் மறைந்தது. அவர் மனைவியின் கைப்பக்குவம் நாட்டின் சொத்தாயிற்று.

பிரான்சிலிருந்து வந்த ஆயர் பல்லெக்வா 1862-இல் பாங்காக்கில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் சயாமில் உழைத்தார். அவருடைய ஆலயத்துக்கு அருகில் இருந்த புத்த மடத்தில் மோங்குட் என்ற இளவரசர் துறவியாக வாழ்ந்தார். ஆயர் அவருக்கு இலத்தீன் கற்பித்தார். அவரிடமிருந்து தாமும் கற்றார். கொடுத்த கையாலேயே வாங்கவும் தெரிந்த அந்த ஆயர், சயாம், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் பெரிய அகராதி ஒன்றை 1854-இல் வெளியிட்டார்.

அருட்சகோதரர் ஹிலேர் 1901-இல் இளைஞராகப் பாங்காக்கில் இறங்கிய புனித கபிரியேல் சபைத் துறவி. வரும்போது அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர். பிற்காலத்தில் அவரே தாய்லாந்துச் சிறுவர்கள் தம் மொழியைக் கற்கும் பாடநூலை இயற்றினார். ‘இளையோர் கல்வி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்நூலைப் பல தலைமுறைப் பிள்ளைகள் படித்தனர். 1968-இல் அந்த மண்ணிலேயே உயிர்நீத்தார். ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய மொழியையே கற்பிக்கும் தகுதி பெற்றவரை யார் அந்நியர் என்பார்? 1898-இல் புனித லூயி மருத்துவமனையில் தொண்டாற்ற வந்த சார்த்ர் புனித பவுல் சபைக் கன்னியரும் இத்தகையோரே. தாய்லாந்துப் பெண்களே அச்சபையில் சேர்ந்து அப்பணியைத் தொடர்வது அவர்கள் வேரூன்றியதற்குச் சான்று.

சமயப் பணியாளர்க்கு மட்டும் இது கைகூடும் என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரச் சிற்பி கொர்ராடோ ஃபெரோசி 1923-இல் அரசுப் பணிக்காக வந்தார். பாங்காக்கின் மக்களாட்சி நினைவுச் சின்னத்தில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் அவர் வழிகாட்டுதலில் உருவானவை. அவர் தொடங்கிய கலைப் பள்ளி 1943-இல் சில்பகோன் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. மறு ஆண்டு, போர் நெருக்கடியின் நடுவே தாய்லாந்துக் குடியுரிமை பெற்று, சில்ப பீரஸ்ரீ என்று பெயர் பூண்டார். 1962-இல் பாங்காக்கில் காலமானார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ஆம் நாளை அங்குள்ள கலை மாணவர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர்.

இவர்களுக்கு எதிர்முனையில் ஒருவர் அன்னா லியோனோவென்ஸ். இந்தியாவில் பிறந்த இந்த ஆங்கில ஆசிரியை 1862 முதல் 1867 வரை மோங்குட் மன்னரின் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின்னர் நாடு கடந்து போய்ப் புத்தகங்கள் எழுதினார். அவர் கதையைத் தழுவி 1956-இல் வந்த ‘தி கிங் அண்ட் ஐ’ திரைப்படம் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டது. 27 ஆண்டுகள் துறவியாக இருந்து, பல மொழி கற்று, 1868-இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணித்த மன்னரை, ஓர் ஆசிரியையிடம் நாகரிகம் கற்கும் கோமாளியாகக் காட்டினால் மக்கள் பொறுப்பார்களா? ஐந்தாண்டு உப்பைத் தின்றவர் சொன்ன கதை உலகெங்கும் பரவியது. அதில் தங்கள் முகத்தை அந்நாட்டு மக்களால் காண முடியவில்லை.

முடிவாக

நீண்ட காலம் தங்கியதாலேயே ஒருவர் ஊரார் ஆகிவிடுவதில்லை. ஆறு நூறாண்டு ஓடினாலும் அதில் கிடக்கும் கல்லின் உள்ளே நனைவதில்லை. கற்க வந்தவராகத் தம்மை எண்ணியவரையே தாய்லாந்து தன் ஆசானாக ஏற்றது. எசமானராக எண்ணியவரை எத்தனை ஆண்டானாலும் விருந்தாளியாகவே வைத்தது. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. குடிவரவு அலுவலகம் தரும் முத்திரை வேறு. அடுத்த வீட்டுப் பாட்டி தரும் உறவுமுறை வேறு. பின்னதை எந்த அரசாலும் வழங்கவோ பறிக்கவோ இயலாது.

மாணவியரே, உங்களில் சிலர் நாளை செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் பொறியாளர்களாகவும் கடல் கடந்து செல்வீர்கள். சிலர் மணமாகி அயல்நாட்டில் குடும்பம் நடத்துவீர்கள். அங்கே நம் இட்லியும் நம் சங்கமும் நம் தொலைக்காட்சியும் போதும் என்று நாலு சுவருக்குள் வாழ்ந்துவிட்டு, அந்நாட்டார் நம்மை மதிப்பதில்லை என்று குறை கூறாதீர்கள். அவ்வூர்ப் பிள்ளைகள் படிக்கும் முதல் பாடநூலை வாங்கிக் கையில் எடுங்கள். அண்டை வீட்டு முதியவரின் பெயரையும் நலத்தையும் கேட்டறியுங்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எங்கோ பிறந்து இங்கே தமிழ் பேசி உயிர்நீத்த கன்னியர்கள் துயில்கின்றனர். அவர்களும் ஒருநாள் தப்பும் தவறுமாக அம்மா, ஆடு என்று எழுத்துக் கூட்டியவர்களே.

ஒரு நாட்டில் எத்தனை ஆண்டுகள் இருந்தோம் என்பதைக் கடவுச்சீட்டு சொல்லும். அங்கே வாழ்ந்தோமா என்பதை அடுத்த வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.